ஒரு சீன அதிகாரியின் சர்வீஸ் ரெஜிஸ்டர்: எம்.ஏ. சீன வரலாற்றுத் தாளை நான் படித்த விதம்

எம்.ஏ. வரலாறு படிக்கிறவர்களில் நிறையப் பேர் சீனா–ஜப்பான் தாளைக் கடைசியாகத்தான் கையில் எடுக்கிறார்கள். இந்திய வரலாறு பள்ளியிலிருந்தே பழக்கம். ஐரோப்பாவும் ஓரளவு காதில் விழுந்திருக்கும். சீனா அப்படியில்லை. பெயர்கள் வாயில் நுழையாது, ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. தேர்வுமுறை ஒரு அலகு, நிர்வாகம் ஒரு அலகு, அபினிப் போர் இன்னொரு அலகு என்று தனித்தனியாக மனப்பாடம் செய்தால் தேர்வு ஹாலில் எல்லாம் கலந்துபோகும். எனக்கு இந்தத் தாள் பிடிபட்டது ஒரே ஓர் அதிகாரியின் பணிவாழ்க்கையை முதல் தேர்விலிருந்து கடைசிப் பயணம் வரை பின்தொடர்ந்தபோதுதான். அவர் பெயர் லின் ஸேஷூ. பழைய புத்தகங்களில் லின் ட்ஸே-ஷு என்று இருக்கும், இரண்டும் ஒருவர்தான்.

நான் செய்தது எளிமையான வேலை. அரசு ஊழியரின் சர்வீஸ் ரெஜிஸ்டர் போல ஒரு நீளமான தாளில் அவருடைய பதவிகளை வரிசையாக எழுதினேன். எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன பதவி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இவரை ஏன் இங்கே, ஏன் இப்போது போட்டார்கள்? இதற்குப் பதில் தேடப்போனால் பாடத்திட்டத்தின் ஏதாவது ஓர் அலகு தானாகத் திறக்கிறது.

முதலில் தேர்வு. லின் 1785-இல் ஃபூஜியான் மாகாணத்தின் ஃபூசோவில் பிறந்தார். அப்பா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர், பெரிய பட்டம் எதுவும் கிடைக்காதவர். மகன் 1798-இல் முதல்நிலைப் பட்டமும், 1804-இல் மாகாணப் பட்டமும், 1811-இல் தலைநகரில் தரும் மிக உயர்ந்த ஜின்ஷி பட்டமும் பெற்றார். கடைசி இரண்டுக்கும் நடுவே ஏழு ஆண்டுகள். அந்த இடைவெளியில் அவர் ஃபூஜியான் ஆளுநரிடம் எழுத்தராக வேலை பார்த்தார். செவ்வியல் நூல்களை மட்டும் கரைத்துக் குடித்த பல பட்டதாரிகளுக்குக் கிடைக்காத நிர்வாக அறிவு அவருக்கு அங்கேதான் வந்தது என்பது என் கருத்து.

தேர்வுமுறை பற்றிய நெடுவினா கட்டாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் 'எட்டுக்கால் கட்டுரை' (எட்டுப் பகுதிகளாக எழுத வேண்டிய தேர்வுக் கட்டுரை), 'கன்ஃபூசிய நூல்கள்', '1905-இல் ஒழிக்கப்பட்டது' என்ற மூன்று குறிப்புகளோடு நிறுத்திவிடுகிறார்கள். தேர்வுக்கூடத்தின் உள்ளே போய்ப் பாருங்கள். மாகாணத் தேர்வு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. ஆளுக்கு ஒரு குறுகலான அறை, அதில் இரண்டு பலகைகள். பகலில் ஒன்று இருக்கை, ஒன்று மேசை. இரவில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் படுக்கை. விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டுவார்கள். கறுப்பு மையில் எழுதியதை எழுத்தர்கள் சிவப்பு மையில் பிரதி எடுத்து அதைத்தான் திருத்துபவரிடம் கொடுப்பார்கள், கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு விவரத்தை எழுதினாலே, அந்த அமைப்பு நேர்மையைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது நிர்வாகம். லின் பேரரசரின் அறிஞர் அவையான ஹான்லின் கழகத்தில் தொடங்கி பல மாகாணங்களில் வேலை பார்த்தார். அந்தப் பட்டியலில் ஃபூஜியான் மட்டும் கிடையாது. சொந்த மாகாணத்தில் பதவி இல்லை என்ற தவிர்ப்பு விதிதான் காரணம். அதேபோல 1824-இல் அம்மா இறந்ததும் பதவியை விட்டு ஊருக்குப் போகிறார், 1827-இல் அப்பா இறந்ததும் மறுபடி போகிறார். பெற்றோர் இறந்தால் 27 மாதம் துக்கம் காக்க வேண்டும் என்பது அதிகாரிகளுக்கான சட்டம். கன்ஃபூசியம் அரசாங்கத்துக்குள் எப்படி வேலை செய்தது என்று கேட்டால் இந்த இரண்டு விடுப்புகளையும் எழுதுங்கள். தத்துவத்தைப் பற்றிப் பத்து வரி எழுதுவதைவிட இது கனமான விடை.

1831-இல் மஞ்சள் ஆற்றின் கரைப் பணிகளுக்குப் பொறுப்பேற்றபோது, கரையை அடைக்க அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைக் குவியல்களை ஒவ்வொன்றாக நேரில் பார்த்துச் சோதித்தார். கணக்கில் காட்டிப் பணத்தை அடிக்கிற இடமே அந்தக் குவியல்கள்தான். 1838-இல் அபினியை ஒழிக்கப் பேரரசர் தாவோகுவாங் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்விக்கு இந்தச் சோளத்தட்டையும் ஒரு பதில்.

இனி காண்டன், அதாவது இன்றைய குவாங்சோ துறைமுகம். இங்கே அவசரப்படாதீர்கள், அதிக மதிப்பெண் இங்கேதான். பிரிட்டனுக்குத் தேயிலை வேண்டும், அதற்கு வெள்ளி கொடுக்க மனமில்லை. வங்காளத்தில் கம்பெனியின் ஏகபோகத்தில் விளைந்து பாட்னா, காஜிப்பூர் ஆலைகளில் உருண்டையாக்கப்பட்ட அபினி கல்கத்தாவில் ஏலம் போய், தனியார் கப்பல்களில் சீனக் கடற்கரைக்குக் கடத்தலாகப் போனது. மால்வா அபினி பம்பாய் வழியாகப் போனது. வங்காள அபினி நம் நாட்டு விவசாயியை முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டு விளைவித்த சரக்கு. இந்திய வரலாற்றுத் தாளில் படித்ததை இங்கே தயங்காமல் கொண்டுவாருங்கள்.

1838-இல் ஹூபெய், ஹூனான் மாகாணங்களின் தலைமை ஆளுநராக இருந்த லின், இதை இப்படியே விட்டால் சில பத்தாண்டுகளில் சண்டைபோடப் படைவீரனும் இருக்க மாட்டான், அவனுக்குச் சம்பளம் கொடுக்க வெள்ளியும் இருக்காது என்று பேரரசருக்கு எழுதினார். அந்த ஆண்டுக் கடைசியில் அபினியை ஒழிக்கும் சிறப்பு ஆணையராக நியமிக்கப்பட்டு, 1839 மார்ச்சில் காண்டன் வந்து சேர்ந்தார். அந்நிய வணிகர்களின் குடியிருப்பை முற்றுகையிட்டார். 20,283 பெட்டி அபினி கைக்கு வந்தது.

'லின் அபினியை எரித்தார்' என்று பல நோட்ஸ்களில் இருக்கிறது. அப்படி எழுதாதீர்கள். எரித்தால் உருகி மண்ணில் இறங்கும், மண்ணைத் தோண்டி மீட்டுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1839 ஜூன் 3 முதல் காண்டனுக்கு அருகே ஹூமெனில் கடலோரம் பெரிய குழிகள் வெட்டி, உப்புநீர் விட்டு, அபினி உருண்டைகளை உடைத்துப் போட்டு ஊறவைத்து, மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்கள். குழி கொதித்தது. ஆட்கள் நின்று கிளறினார்கள். கடல் வற்றும் நேரம் மதகைத் திறந்து எல்லாவற்றையும் கடலில் விட்டார்கள். தொடங்குவதற்கு முன், கடலில் வாழும் உயிர்கள் கொஞ்ச நாள் விலகியிருக்கட்டும் என்று கடல் தெய்வத்துக்கு லின் பூசை செய்தார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

விடையின் திருப்புமுனை இதற்கு முன்பே இருக்கிறது. பிரிட்டிஷ் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட், வணிகர்களிடமிருந்து அபினியைத் தன் அரசின் பெயரில் வாங்கித்தான் லின்னிடம் ஒப்படைத்தார். கடத்தல்காரர்களின் சரக்கு ஒரே நாளில் பிரிட்டிஷ் அரசின் சொத்தாக மாறிவிட்டது. அபினிப் போரை முடித்த 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் சீனா கட்டிய 210 லட்சம் டாலரில் 60 லட்சம் இந்த அபினிக்கான விலை. இந்த இணைப்பைக் காட்டினால் உங்கள் விடை தனியாகத் தெரியும்.

'லின்தான் போருக்குக் காரணமா?' என்று கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் எழுதுங்கள். அவருடைய கணிப்பில் பெரிய ஓட்டைகள் இருந்தன. தேயிலையும் ரேவற்சீனி என்ற மருந்து வேரும் இல்லாமல் அந்நியர்களால் வாழ முடியாது என்று நம்பினார். பிரிட்டிஷ் படைவீரர்களின் கால்கள் இறுகக் கட்டியிருப்பதால் தரையில் சண்டைபோட வராது என்றும் எழுதினார். ஆனால் அதே மனிதர்தான் அந்நியச் செய்தித்தாள்களை மொழிபெயர்க்க ஆட்களை வைத்தார், பன்னாட்டுச் சட்டம் பற்றிய வட்டேலின் நூலிலிருந்து சில பகுதிகளைச் சீனத்தில் வாங்கிப் படித்தார். அந்த மொழிபெயர்ப்பில் உதவிய அமெரிக்க மருத்துவர் பீட்டர் பார்க்கரிடம் தன் குடலிறக்கத்துக்கும் ஆள் அனுப்பி மருத்துவம் கேட்டார். பார்க்கர் நோயாளியை நேரில் பார்க்கவே இல்லை. இடுப்புக் கட்டு மட்டும் அனுப்பிவைத்தார், மருத்துவமனைக் குறிப்பில் அது 6565-ஆம் எண் நோயாளி. என்னைப் பொறுத்தவரை போருக்குக் காரணம் அபினி வியாபாரமும் அதைக் காக்க நினைத்த லண்டனும்தான். லின்னின் கண்டிப்பு அந்தப் போர் எப்போது வெடித்தது என்பதை மட்டும் தீர்மானித்தது.

1840-இல் பதவி பறிபோனது, 1841-இல் மேற்கு எல்லையிலுள்ள யீலிக்கு நாடுகடத்தும் உத்தரவு வந்தது. போகிற வழியில் மஞ்சள் ஆறு உடைத்துக்கொண்டு கைஃபெங் வெள்ளத்தில் தத்தளித்தது. அவரை நிறுத்திக் கரை வேலைக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் நன்றி கிடைக்கவில்லை, பழையபடி யீலிக்குப் போ என்றார்கள். படிக்கிற நமக்கே மனசு கேட்கவில்லை. அவர் போனார், அங்கேயும் பாசன வேலையிலும் நில அளவையிலும் இறங்கினார். அப்புறம் 1845-இல் திரும்ப அழைக்கப்பட்டு ஷான்ஸி ஆளுநர், யுன்னான்–குய்சோ தலைமை ஆளுநர் என்று மறுபடி உயர்ந்தார். எல்லைப்புறக் கொள்கை பற்றிய சிறுவினாவுக்கு இந்தப் பகுதி போதும்.

நாடுகடத்தலுக்கு முன் தான் சேர்த்த அந்நிய நாட்டுத் தகவல்களையெல்லாம் நண்பர் வெய் யுவானிடம் கொடுத்திருந்தார். வெய் யுவான் அதை வைத்து எழுதிய உலகப் புவியியல் நூலை ஜப்பானில் சகுமா ஷோசான் போன்ற அறிஞர்கள் ஊன்றிப் படித்தார்கள். தாளின் ஜப்பான் பாதிக்கு இதைவிட நல்ல பாலம் கிடைக்காது.

1850-இல் குவாங்ஸியில் கலகம் கிளம்பியது, அடக்கும் பொறுப்பை ஓய்விலிருந்த லின்னிடம் கொடுத்தார்கள். வழியிலேயே நவம்பரில் இறந்துபோனார். சில வாரங்களில், 1851 ஜனவரியில், அதே மாகாணத்தில் தைப்பிங் கலகம் முறையாகத் தொடங்கியது. அடுத்த அலகு அங்கே ஆரம்பிக்கிறது.

அதற்கு இதே மாதிரி இன்னொரு தாளை எடுத்து செங் குவோஃபானைப் போடுங்கள். லின் ஜின்ஷி ஆன 1811-இல் பிறந்தவர், 1838-இல் தானும் ஜின்ஷி ஆனவர், தைப்பிங்கை அடக்கியவர். அவரிடம் வளர்ந்த லி ஹோங்ஜாங்கை மூன்றாவதாக எடுங்கள். 1847-இல் ஜின்ஷி, 1895-இல் ஜப்பானோடு ஷிமோனோசெகி ஒப்பந்தம், 1901-இல் பாக்ஸர் கலகத்துக்குப் பிந்தைய உடன்படிக்கையில் கையெழுத்து, அதே ஆண்டில் மரணம். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, பழைய வினாத்தாள்களின் கேள்விகளை எந்தத் தாளில் எந்த ஆண்டுக்கு எதிரே வரும் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள்.