மொட்டைக் கோபுரம்

மார்ச் 3

இன்று முழுக்க ஒரே ஓவியம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்ஸ்டர்டாமின் பழைய நகர மன்றக் கட்டடம். பீட்டர் சான்ரெடாம் 1657-ல் தீட்டியது. ஆனால் அந்தக் கட்டடம் 1652-லேயே எரிந்துபோய்விட்டது! 1641-ல் நேரில் பார்த்து வரைந்த கோட்டுப்படத்தைப் பத்திரமாக வைத்திருந்து, 16 வருடம் கழித்து வண்ணம் தீட்டியிருக்கிறார். அதை ஓவியத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார்.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபுரத்துக்கு உச்சிக்கூம்பு இல்லை. பழுதாகிப் போனதால் பல வருடங்களுக்கு முன்பே அதை இறக்கிவிட்டார்களாம். சுவரெல்லாம் வெயிலும் மழையும் தின்ற நிறம். கட்டடமே இல்லாத நிலையில் ஒரு கூம்பை வைத்து அழகாக்கியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் மொட்டைக் கோபுரத்தை மொட்டையாகவே விட்டுவிட்டார். இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கட்டடத்துக்குச் செய்ய முடியாது என்று தோன்றுகிறது.

மார்ச் 4

அதைப் பென்சிலில் வரைந்து பார்த்தேன். ஜன்னல் வரிசையே கோணலாகிவிட்டது. நாளை பார்க்கலாம்.

மார்ச் 8

பெர்னார்டோ பெல்லோட்டோ. வெனிஸை வரைந்து புகழ்பெற்ற கனலெட்டோவின் சகோதரி மகன். போலந்து மன்னரின் அரசவை ஓவியராக வார்சாவில் இருந்து, 1780-ல் அங்கேயே இறந்தார். அந்நகரத் தெருக்களை இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் தீட்டியிருக்கிறார். தேவாலயம், மாளிகை, வண்டி, தெருவில் நின்று பேசுகிறவர்கள் என்று எதையும் விடவில்லை.

1944-ல் நாஜிகள் வார்சாவைத் தரைமட்டமாக்கினார்கள். பழைய நகரில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. போர் முடிந்து திரும்பக் கட்ட உட்கார்ந்தபோது கையில் இருந்தவற்றுள் இந்த ஓவியங்களும் உண்டு. போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் எடுத்து வைத்திருந்த அளவுப் படங்களும் கைகொடுத்தன. மன்னரின் வரவேற்பறைக்காகத் தீட்டியது, ஏறக்குறைய நூற்றெழுபது வருடம் கழித்துக் கொத்தனாருக்கு வழிகாட்டியிருக்கிறது. படித்ததும் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 9

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். பெல்லோட்டோ எல்லாவற்றையும் உள்ளபடி வரைந்தவர் இல்லை. சில கட்டடங்களைத் தன் ரசனைக்குத் திருத்தியிருக்கிறார். ஓவியத்தைப் பார்த்துக் கட்டியதால், அந்தத் திருத்தங்களில் சில இன்று கல்லிலேயே நிற்கின்றன. எனக்கு இதில் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பழைய ஓவியத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டால் குறுக்கு விசாரணையும் செய்துதான் ஆக வேண்டும்.

மார்ச் 12

மோனே. பிரான்ஸின் ரூவான் நகரத் தேவாலயத்தை 1892, 1893 ஆண்டுகளில் எதிர்வீட்டு ஜன்னல்களிலிருந்து முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். கல்லின் கணக்கு வேண்டுமென்றால் இவரிடம் போகக் கூடாது. கோபுரம் சட்டத்தில் வெட்டுப்படுகிறது, வாசலின் விளிம்பு கரைந்து போகிறது. காலையில் நீலம், வெயிலில் மஞ்சள். சாயத்தை அப்பி அப்பி, ஓவியத்தின் மேற்பரப்பே பூசாத சுவர்போலச் சொரசொரக்கிறது. தேவாலயம் தன்மேல் இடிந்து விழுவதாக அவருக்குக் கனவே வந்திருக்கிறது. அவ்வளவு நேரம் அதைப் பார்த்திருக்கிறார்.

மார்ச் 15

மறுபடி சான்ரெடாம். இந்த முறை ஜன்னல்கள் சரியாக வந்தன. கோபுரத்துக்கு வந்ததும் கை தானாகவே மேலே ஒரு கூம்பைப் போட்டுவிட்டது. அழித்தேன். தாளில் தடம் மட்டும் இன்னும் தெரிகிறது.