கைக்குள் அடங்கும் மவுஸ்

மதுரையில் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன்; நாளெல்லாம் மவுஸும் கையுமாகத்தான் இருப்பேன். பழைய மவுஸை வைத்தால் லேப்டாப் பை புடைத்துக்கொள்ளும். சின்னதாக ஒன்று வாங்கப் போனேன்.

கடையில் முதலில் எடுத்தது தட்டையானது. பைக்கு அருமை, கைக்கு ஆகவில்லை. ஐந்து நிமிடத்தில் சுண்டுவிரல் மேசையில் உரசியது. அடுத்தது சற்று முதுகு உயர்ந்தது. உள்ளங்கை அதன்மேல் அப்படியே படிந்தது. மனம் அப்போதே முடிவு செய்துவிட்டது.

இணைப்பைத்தான் நெடுநேரம் விசாரித்தேன். காரணம் உண்டு. முன்பு ஹார்ட் டிஸ்க்கிற்குப் பக்கத்திலேயே, கம்பியில்லா மவுஸின் சிக்னலை வாங்கும் சின்ன யுஎஸ்பி ரிசீவரைச் செருகியிருந்தேன்; கோப்புகளை நகலெடுக்கும்போதெல்லாம் அம்புக்குறி தத்தித் தத்தி நகரும். மவுஸ்தான் பழுது என்று நினைத்துவிட்டேன், பாவம். ஹார்ட் டிஸ்க் போன்ற யுஎஸ்பி 3.0 கருவிகள் எழுப்பும் மின்காந்த இரைச்சல், அந்த மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கியிருப்பதைப் பிறகுதான் படித்தேன். நீட்டிப்புக் கம்பி போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்ததும் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது.

புளூடூத்தும் அதே அலைவரிசைதான். ஆனால் யுஎஸ்பி துளையை அடைக்காது, தொலைந்துபோக ரிசீவரும் இல்லை. ஆகவே ரிசீவர், புளூடூத் இரண்டு வசதியும் உள்ளதையே வாங்கினேன். ஒற்றை ஏஏ பேட்டரி போதும். தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். சொடுக்கும் ஓசையும் மெல்லியது. இரவு பதினொரு மணிக்கு, பக்கத்தில் மகள் உறங்க, நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன்.