துப்பாக்கி லைசென்ஸும் எட்டு மாத மாத்திரையும்

களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் விளையாட்டில் எனக்குப் பைத்தியம். கிளப் துப்பாக்கியை இரவல் வாங்கியே அலுத்துப்போய், சொந்தமாக ஒரு ஷாட்கன் வைத்துக்கொள்ள இங்கிலாந்து போலீஸிடம் விண்ணப்பித்தேன். படிவமும் புகைப்படமும் ஒரே வார இறுதியில் முடிந்தன. மருத்துவர் அறிக்கைதான் நான்கு மாதம் இழுத்தது.

2021 நவம்பரிலிருந்து மருத்துவத் தகவலைப் பார்க்காமல் இங்கே யாருக்கும் துப்பாக்கிச் சான்றிதழ் கிடையாது. அந்த ஆகஸ்டில் பிளிமத் நகரில் ஐந்து பேரைக் கொன்றவன் வைத்திருந்தது, போலீஸ் வாங்கி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி. அதனால் விதியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில், "எங்கள் டாக்டர்கள் இதை எழுதுவதில்லை" என்றார்கள். சண்டை போடவும் வழியில்லை. இது என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் வேலை அல்ல, தனிக் கட்டணம். மனச்சாட்சியைக் காரணம் காட்டி மறுக்கவும் மருத்துவருக்கு இடமுண்டு. மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜிஎம்சி கவுன்சிலில் பதிவும் உரிமமும் உள்ள வேறு மருத்துவரும் என் மருத்துவப் பதிவைப் பார்த்து எழுதலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பதிவு அவர் கைக்குப் போய்ச் சேரவே ஆறு வாரம்!

இதற்கிடையில் என் பயம் வேறு. அப்பா இறந்த வருடம் எட்டு மாதம் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்திருக்கிறேன். "பழைய கதை, எழுதாதே" என்றான் நண்பன். எழுதினேன். பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்குவது குற்றம். அதோடு மருத்துவரின் படிவத்தில் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், வலிப்பு, மறதிநோய், குடி, போதை என்று வரிசையாகக் கேட்கிறார்கள். நான் மறைத்தாலும் அங்கே வந்து நிற்கும்.

'இவர் துப்பாக்கி வைக்கத் தகுதியானவர்' என்று டாக்டர் ஒரு வரி எழுதுவார் என நினைத்திருந்தேன். இல்லை. என்ன நோய், எப்போது, என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினார், அவ்வளவுதான். முடிவு போலீஸுடையது. வீட்டுக்கு வந்த போலீஸ் அதிகாரி, துப்பாக்கி வைக்கும் இரும்பு அலமாரியை இரண்டு நிமிடம் ஆட்டிப் பார்த்தார். அந்த எட்டு மாதத்தைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார். "மறுபடி அப்படி வந்தால் யாரிடம் சொல்வீர்கள்?" தேநீர் கொண்டுவந்த மனைவியைக் காட்டினேன்.

சான்றிதழ் ஐந்து வருடத்துக்கு வந்தது. கூடவே என் மருத்துவப் பதிவில் துப்பாக்கி வைத்திருப்பவன் என்ற குறியும் ஏறியது. போன மாதம் தூக்கம் வரவில்லை என்று கிளினிக்குக்குப் போனேன். திரையைப் பார்த்த டாக்டர், "அலமாரிச் சாவி யாரிடம்?" என்றார். என்னிடம்தான், மனைவிக்குக்கூட வைத்திருக்கும் இடம் தெரியாது, விதி அப்படி என்றேன். எதையோ தட்டச்சு செய்தார். பிறகுதான் எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்டார்.