கரியடுப்பும் கடற்காற்றும்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பதும், சரியாக இழுக்காத புகைபோக்கியைச் சீர்செய்வதும் என் தொழில். வீடுதோறும் சிலிண்டர் வந்துவிட்ட பிறகு இதற்கு வேலை ஏது என்று கேட்கிறார்கள். முறுக்கும் அதிரசமும் வீட்டிலேயே சுட்டுக் கடைகளுக்குப் போடும் குடும்பங்களை அவர்கள் பார்த்ததில்லை போலும். அவர்களில் சிலருக்கு இன்றும் நிலக்கரி அடுப்புதான். நெய்வேலியை அருகில் வைத்திருக்கும் இந்த மாவட்டத்துக்குக் கரி புதிதல்ல. பழுப்பு நிலக்கரியைப் பக்குவப்படுத்திச் செய்த லெக்கோ ஒரு காலத்தில் இங்கே வீட்டு எரிபொருளாகவே விற்றது.

விறகடுப்பில் ஏதாவது பிசகினால் கண் எரியும், உடனே தெரிந்துவிடும். நன்றாகப் பற்றிய நிலக்கரியோ கண்ணுக்குத் தெரியும்படி புகைவதில்லை. புகைபோக்கியின் இழுப்பு குறைந்தால் கார்பன் மோனாக்சைடு சமையலறைக்குள் திரும்பும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை வலிக்கும், குமட்டும். வீட்டில் உள்ளவர்கள் பித்தம் என்று இஞ்சிச் சாறு குடிப்பார்கள். புகை இல்லாததை வைத்து அடுப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது எனக்குப் பெரும் அச்சம் தரும் விஷயம்.

அதனால் நான் அளக்கிறேன். அடுப்பிலிருந்து குழாய் புறப்படும் இடத்துக்கு ஒன்றரை அடி மேலே சிறு துளையிட்டு, ஒரு செம்புக் குழலைச் செருகி, அதை மேனோமீட்டரோடு, அதாவது தண்ணீர் மட்டத்தால் அழுத்தத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயோடு இணைப்பேன். இழுப்பு என்பது மிகச் சிறிய அழுத்த வேறுபாடு. அழுத்தத்தை அளக்கும் அலகு பாஸ்கல்; நிலக்கரி அடுப்புக்குப் பொதுவாக 10 முதல் 15 பாஸ்கல் வேண்டும். தண்ணீர் மட்டத்தில் சொன்னால் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர். நிமிர்ந்த கண்ணாடிக் குழாயில் இதைப் படிக்கவே முடியாது. பத்துக்கு ஒன்று சாய்வில் குழாயைப் படுக்கவைத்தால் ஒரு மில்லிமீட்டர் பத்தாக நீளும். சாயம் கலந்த தண்ணீர் நகர்வதை மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர்களும் பார்த்துவிடலாம்.

நம் ஊரில் இழுப்பு இயல்பாகவே குறைவு. குழாய்க்குள் இருக்கும் சூடான வாயு லேசாகவும் வெளிக்காற்று கனமாகவும் இருப்பதால்தான் புகைபோக்கி இழுக்கிறது. ஐந்து மீட்டர் குழாயில் வாயு சராசரியாக 150 டிகிரி இருந்தால், வெளியே 30 டிகிரியில் கணக்குப்படி சுமார் 16 பாஸ்கல் கிடைக்கும். அதே குழாய் பூஜ்யம் டிகிரிக் குளிரில் 22 பாஸ்கலுக்கு மேல் தரும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலக்கரியால் வீட்டைச் சூடாக்குகிறவர்களுக்கு இழுப்பு மிகுந்துபோவதே பெரும்பாலும் தொல்லை, நமக்குப் போதாமை. எனவே குழாயின் சூட்டைக் காப்பாற்ற வேண்டும். ஒற்றைத் தகட்டுக் குழாய் கடற்காற்றில் குளிர்ந்து, வாயு 100 டிகிரிக்கு இறங்கினால் 16 என்பது 11 ஆகிவிடும். வளைவுகளில் இன்னும் கொஞ்சம் போகும். உப்புக்காற்று தகட்டைத் தின்று ஊசித் துளை போட்டால் குளிர்காற்று உள்ளே புகுந்து மேலும் கெடுக்கும்.

கடலூர் முதுநகரில் ஒரு வீட்டில் அடுப்பு சோம்பலாக எரிகிறது என்று அழைத்தார்கள். "புகையே இல்லையே தம்பி, கரிதான் மட்டம் போலிருக்கிறது" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. அடுப்பை அரை மணி நேரம் சீராக எரியவிட்டுத் துளையில் குழலை வைத்தேன். நான்கு பாஸ்கல். அப்போது சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். சிவப்புத் தண்ணீர் மெல்ல நகர்ந்து ஒன்பதில் நின்றது. மறுபடி போட்டதும் நான்கு. "இதென்ன தம்பி, காற்றுக்காகத்தானே அதை மாட்டினோம்?" என்று கேட்டுவிட்டு, அவரே இரண்டு முறை ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தார். மூடிய சமையலறையில் அந்த ஃபேன் புகைபோக்கியோடு காற்றுக்குப் போட்டியிடுகிறது. கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்தால் அந்தப் போட்டி தணியும்.

மீதிக் குறை மாடியில் இருந்தது. குழாயின் வாய் தண்ணீர்த் தொட்டியை விடத் தாழ்வு. பிற்பகல் கடற்காற்று தொட்டியில் மோதி மடங்கிக் குழாய்க்குள் இறங்கியது. மூன்று மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும் விட வாய் இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த உயரத்துக்கு ஏற்றி, மொட்டைமாடிப் பகுதிக்குக் கண்ணாடி நார்ப் போர்வையும் மேல்தகடும் சுற்றினோம். அளவு 14க்கு வந்தது. காற்று வலுக்கும் இரவுகளில் 20ஐத் தாண்டியதால், இழுப்பு மிகும்போது தானே திறந்து அறைக்காற்றைக் குழாய்க்குள் விடும், எடை வைத்த இழுப்புத் தட்டு ஒன்றையும் பொருத்தி 12இல் நிறுத்தினேன். குழாயைக் கையால் திருப்பி அடைக்கும் பழைய தட்டைக் கழற்றி எடுத்துவிட்டேன். நிலக்கரி அடுப்பில் அதை முழுக்க மூடும் பழக்கம் ஆளைக் கொல்லும். நெருப்பைக் குறைக்க வேண்டுமானால் சாம்பல் அறையின் காற்றுத் துவாரத்தைக் குறைக்க வேண்டும். கரிக்குக் காற்று அடியிலிருந்துதான் போக வேண்டும். கரியைத் தாங்கும் அடிக்கம்பிகளின் இடைவெளியைச் சாம்பல் அடைத்துவிட்டால் இழுப்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

அடுப்பு விற்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. குழாயில் 8 மில்லிமீட்டர் துளையும் அதற்குத் திருகு மூடியும் வைத்தே விற்கட்டும். பெரிய செலவில்லை. நானோ வேறொருவரோ குழாயைக் குடையாமல், எப்போது சந்தேகம் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.