ஆச்சியின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்த தகரத் துண்டு

ஆச்சியின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கையில் அகப்பட்டது. உள்ளே ஊக்கு, சட்டைப் பொத்தான், அப்புறம் விரல் நீளத்தில் ஒல்லியான தகரத் துண்டு நாலு. ஒவ்வொன்றும் நுனியில் மட்டும் மடங்கியிருக்கிறது, அந்த மடிப்பிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு கம்பி குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அரை சென்டிமீட்டர்கூட இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் இப்போது பெரியவர்கள் யாரும் இல்லை.

பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். ஊசியில் நூல் கோர்க்கிற தகடு என்றுதான் நிறைய பேர் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அதில் கம்பி வளையமாக இருக்கும், இது ஒற்றைக் கம்பி. சிம் கார்டு எடுக்கிற பின் என்றார் ஒருவர். அதற்கு இந்தக் கம்பி தாங்காது, தொட்டாலே வளைகிறது.

இரவு முகம் தெரியாத ஓர் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல பித்தளை பம்ப் ஸ்டவ் இருந்துச்சா தம்பி?"

இருந்தது, பரண்மேல் இன்னும் இருக்கிறது என்றேன்.

"அப்போ அது ஸ்டவ் பின்."

அதன் பிறகு அவரும் இன்னும் இரண்டு பேரும் விளக்கியதில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பம்ப் அடித்தால் தொட்டியில் காற்று இறுகி, கிருஷ்ணாயிலை மேலே தள்ளுகிறது. சூடான பர்னருக்குள் அது ஆவியாகி, நிப்பிளில் இருக்கிற ஊசிமுனைத் துளை வழியாகச் சீறி வந்து காற்றோடு கலந்து நீலமாக எரிகிறது. அந்தத் துளையில் கரி பிடித்தால் தீ மஞ்சளாகிப் புகையும், இல்லையென்றால் அணைந்தே போகும். அப்போதெல்லாம் இந்த ஸ்டவ் பின்னை வைத்துக் குத்தித்தான் சரிசெய்வார்களாம். 1892-இல் ஸ்வீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் செய்த ப்ரைமஸ் அடுப்பின் வழியில் வந்ததுதான் நம் வீட்டு பம்ப் ஸ்டவ்வும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டவ்வைக் கீழே இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். தொட்டி காலிதான், இருந்தாலும் காற்றுத் திருகைத் திறந்து வைத்துக்கொண்டேன். "அழுத்தாதீங்க, கம்பி உள்ள முறிஞ்சா நிப்பிளையே மாத்தணும்" என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். பர்னர் இடுக்கில் பக்கவாட்டாக நுழைத்தால்தான் நுனி ஏன் மடங்கியிருக்கிறது என்று தெரிகிறது, கம்பி நேராகத் துளைக்கு மேலே போய் நிற்கிறது. மெதுவாக இறக்கினேன். முதலில் தட்டியது, இரண்டு முறை ஏற்றி இறக்கியதும் மிளகில் பாதி அளவு கரித்தூள் உதிர்ந்து கம்பி முழுசாக உள்ளே போனது. ஆச்சி எத்தனை விடியற்காலையில் இதைச் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டது, காற்று பிடிக்கவில்லை. தேங்காய் எண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். அது உப்பி வந்ததும் பம்ப் அடித்துப் பார்க்க வேண்டும்.