சாக்ஸ் குதிகாலைத் தாண்டவில்லை, அதனால் காஸ்ட் ஆன் சோதனை

மேலிருந்து கீழாகப் பின்னிய சாக்ஸ், 64 கண்ணி, ஒற்றை ரிப், அதாவது ஒரு நேர்க்கண்ணி (நிட்), ஒரு எதிர்க்கண்ணி (பர்ல்) என்று மாறி மாறி வரும் இழுபடும் பின்னல். ஒரு கால் முடிந்ததும் ஆசையாகப் போட்டுப் பார்த்தால் குதிகாலுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ரிப் நன்றாகத்தான் இழுபடுகிறது, அதன் வாயில் இருக்கிற அந்த ஒரே ஒரு வரிசைதான் கயிறு கட்டின மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. காஸ்ட் ஆன், அதாவது ஊசியில் முதன்முதலாகக் கண்ணி போடுவதை, வழக்கம்போல லாங் டெயில் முறையில்தான் செய்திருந்தேன் (நீளமாக விட்ட நூல் வாலைக் கட்டைவிரலிலும், உருண்டையிலிருந்து வரும் நூலை ஆள்காட்டி விரலிலும் சுற்றிக் கண்ணி போடுவது), கை கொஞ்சம் இறுக்கம் வேறு.

சரி, அடுத்த காலைத் தொடங்குவதற்கு முன் ஒழுங்காகச் சோதித்துவிடலாம் என்று அதே நூல், 3 மி.மீ. ஊசி, ஒவ்வொன்றிலும் 32 கண்ணி என்று சின்னச் சின்னத் துண்டுகளாகப் பின்னினேன்.

முதலில் எல்லோரும் சொல்லும் வழி: இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து லாங் டெயில் போடுவது. இவ்வளவு நாளும் இதை நம்பிக்கொண்டிருந்தேன். போட்டுப் பார்த்தால் முதல் வரிசைக் கண்ணிகள் மட்டும் பெரிசாகத் தொளதொளவென்று நிற்கின்றன, ஓரம் அதே இறுக்கம்தான். ஏனென்று ஓரத்தை விரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, இழுபடுவதைத் தீர்மானிப்பது கண்ணியின் சுற்றளவு அல்ல, ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவே அடியில் ஓடும் நூலின் நீளம். அதனால் அடுத்த துண்டில் ஒற்றை ஊசியிலேயே, ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் ஆள்காட்டி விரல் நுனியை வைத்து இடைவெளி விட்டுப் போட்டேன். நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது, ஆனால் இடைவெளி ஒரே சீராக வரவில்லை.

கேபிள் காஸ்ட் ஆன் (இரண்டு கண்ணிக்கு நடுவிலிருந்து நூலை இழுத்துப் புதுக் கண்ணி போடுவது) ஒரு துண்டு போட்டேன். கயிறேதான். சாக்ஸ் வாய்க்கு ஆகாது.

அப்புறம் ஜெர்மன் ட்விஸ்டட், லாங் டெயிலோடு ஒரு முறுக்கு கூடுதலாகச் சேர்ந்த முறை. கட்டைவிரலில் இருக்கும் இரண்டு இழைக்கும் அடியில் ஊசியை விட்டு, மேலிருந்து கட்டைவிரல் வளையத்துக்குள் இறக்கி, முன்பக்கமாக வெளியே எடுத்து, பிறகு ஆள்காட்டி விரல் நூலைக் கொக்கிபோல் இழுத்துக்கொண்டு திரும்பவேண்டும். திரும்பும்போது கட்டைவிரலை மடக்கினால்தான் முறுக்கிக்கொண்ட அந்த வளையத்தில் வழி திறக்கும். முதல் பத்துக் கண்ணி வரை விரல் சிக்கிக்கொண்டு எரிச்சலாக இருந்தது, அதற்குப் பிறகு கை தானாக ஓடியது. அந்தக் கூடுதல் முறுக்கு கண்ணிக்குக் கண்ணி கொஞ்சம் நூலைச் சேமித்து வைக்கிறது, இழுக்கும்போது அதுதான் விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் வால் நூலும் அதிகம் குடிக்கிறது: லாங் டெயிலுக்கு விடுகிற மாதிரி துண்டின் அகலத்தைப்போல மூன்று மடங்கு விட்டேன், 29-வது கண்ணியில் தீர்ந்துபோனது. பிரித்துவிட்டு நான்கு மடங்கு விட்டதும் சரியாக இருந்தது.

கடைசியாக இத்தாலியன் ட்யூபுலர். பார்க்க இதுதான் அழகு, காஸ்ட் ஆன் கோடே கிடையாது, நிட் கண்ணி அப்படியே வளைந்து பின்பக்கம் பர்லாகப் போவது மாதிரி உருண்டையான ஓரம். முதல் நான்கு வரிசையில் நிட்டை மட்டும் பின்னி, பர்லை நூல் முன்னால் இருக்க பின்னாமல் சும்மா அடுத்த ஊசிக்கு மாற்றிவிட வேண்டும். திருப்பும்போது வாலையும் நூலையும் ஒரு முறுக்கு முறுக்காமல் விட்டால் கடைசிக் கண்ணி அவிழ்ந்து ஓடிவிடும், எனக்கு இரண்டு தடவை ஓடியது. அதற்கு மேல் ஓரம் புனல் மாதிரி விரிந்துவிட்டது; முதல் வரிசைகளை 2.5 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னியதும் அடங்கியது.

இழுபட்டால் மட்டும் போதாதே, திரும்பிச் சுருங்கவும் வேண்டும். எல்லாத் துண்டையும் நன்றாக இழுத்து ஊசி குத்தி ஒரு ராத்திரி வைத்துவிட்டு எடுத்தேன். விரல் இடைவெளி விட்ட லாங் டெயில் அலை அலையாக நின்றுவிட்டது. ஜெர்மன் ட்விஸ்டட் பழைய அகலத்துக்கே வந்துவிட்டது, ட்யூபுலர் கிட்டத்தட்ட வந்தது. தொப்பிக்கு ட்யூபுலர் போடுவேன், சாக்ஸுக்கு அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

இப்போது நிலவரம்: இரண்டாவது கால் ஜெர்மன் ட்விஸ்டட்டில் தொடங்கி ரிப் முடிந்துவிட்டது, குதிகால் தாராளமாக நுழைகிறது. முதல் காலில் காஸ்ட் ஆன் பக்கமிருந்து ரிப்பைப் பிரிக்க முடியாது, ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கிக்கொள்ளும். அதனால் ஓரத்துக்கு அடுத்த வரிசையில் ஓர் இழையைக் கத்தரித்து, அந்த ஒரு வரிசையை மட்டும் உருவி, கண்ணிகளை ஊசியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 40 ஏறியாயிற்று, இன்னும் 24. ஏறியதும் இழுபடும் பைண்ட் ஆஃப் (கண்ணிகள் அவிழாமல் ஓரத்தை முடிக்கும் முறை) போட்டு மூடவேண்டும்.