அம்மாவும் பாதி உலகமும்

சின்ன வயசுல ஒரு முழு கோடை லீவையும் ஒரே ரூமுக்குள்ள அடைஞ்சு கெடந்து கழிச்சவன் நான். நிஜ ரூம் இல்ல, டிவிக்குள்ள இருந்த ரூம்.

அப்ப விருதுநகர்ல எங்க தெருவுல டிவி கேம்னா மரியோ, கான்ட்ரா, அப்புறம் "9999 இன் 1"னு ஸ்டிக்கர் ஒட்டி உள்ள பாத்தா அதே ஏழெட்டு கேம் மறுபடி மறுபடி வர்ற கேசட், அவ்ளோதான். அந்த மெஷினே 1983ல ஜப்பான்ல வந்த ஃபேமிகாமோட காப்பிங்குறதெல்லாம் எங்களுக்கு தெரியாது. சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்த மாமா கோடாலி தைலம், சாக்லேட்டோட ஒரு கேசட்டும் கொண்டு வந்தாரு. டிராகன் முன்னாடி ஒருத்தன் கத்தியோட நிக்கிற படம், மத்தபடி எல்லாம் கோழி கெளறுன மாதிரி எழுத்து. போட்டேன், எதையோ அமுக்கி அமுக்கி உள்ள போனேன், ஒரு ராஜா உக்காந்துருந்தாரு, என்னமோ சொன்னாரு, அவ்ளோதான், அந்த ரூம விட்டு வெளிய வரவே முடியல. கதவுல போய் முட்டுனா தொறக்கல. எதுத்த வீட்டு பையன் வந்து முட்டுனான், தொறக்கல. பக்கத்து தெரு அண்ணன் ஒருத்தர் பாலிடெக்னிக் படிச்சாருன்னு கூட்டிட்டு வந்தோம், அவரும் முட்டுனாரு. ஜூன்ல ஸ்கூல் தொறந்துருச்சு, கதவு தொறக்கல.

கதைய கொஞ்சம் வேகமா ஓட்டுறேன், இப்ப எனக்கு முப்பத்தெட்டு வயசு, டோக்கியோவுல நிஷிகசாய்ல இருக்கேன், தடுக்கி விழுந்தா நம்மாளுங்க மேலதான் விழணும்ங்குற ஏரியா. போன வருஷம் ஒருநாள் கயாபாச்சோவுல ட்ரெயின் மாறி அகிஹாபாரா போனேன், பழைய கேம் விக்கிற ஒரு கடைல சும்மா சுத்திட்டு இருக்கேன், கண்ணாடி கவருக்குள்ள அதே டிராகன், அதே கத்திக்காரன்! 980 யென். எவனோ ஒரு பையன் பின்னாடி மார்க்கர்ல தன் பேர வேற எழுதி வச்சிருக்கான். புது டிவில சொருகுற மாதிரி ஒரு மெஷினும் சேத்து வாங்கிட்டு வந்துட்டேன். பொண்டாட்டி பாத்தா, ஒண்ணும் சொல்லல. அது இன்னும் பயமா இருந்துச்சு.

அது டிராகன் குவெஸ்ட், முதல் பாகம், 1986 மே 27 ரிலீஸ். யூஜி ஹோரீ உருவாக்குனது, டிராகன் பால் வரைஞ்ச அகிரா டோரியாமா ராட்சசங்கள வரைஞ்சாரு. மொத்த கேமும் 64 கேபி, நம்ம சித்தப்பா காலைல வாட்ஸப்ல போடுற பூ படம் இதவிட பெருசு. அதுல கான்ஜிங்குற சிக்கலான சீன எழுத்துக்கெல்லாம் எடம் ஏது, கிட்டத்தட்ட எல்லாமே ஹிரகானா, சத்தத்த அப்படியே எழுதுற சுலபமான எழுத்து. எனக்கு ஹிரகானா வாசிக்க வரும், அர்த்தம் தெரியாது, பொண்டாட்டிக்கு வாசிக்கவும் வரும் அர்த்தமும் தெரியும் (ஜப்பனீஸ் பரீட்சை பாஸ் பண்ண திமிரு). அப்ப எங்கம்மா மூணு மாச விசால வந்திருந்த நேரம். ஜூன் மாசம், வெளிய நசநசன்னு மழை, சீரியலும் பாத்து முடிச்சாச்சு. அதனால நான் பேட் புடிக்க, அவ மொழிபெயர்க்க, அம்மா கீரை ஆய, மூணு பேருமா உக்காந்தோம்.

முதல்ல பேர் கேட்டுச்சு, நாலே எழுத்துதான். ச-ர-வ-ண போட்டேன், ன் வைக்க எடம் இல்ல. அம்மா கண்ணாடிய ஏத்தி விட்டு பாத்தாங்க. "சரவணபவங்குறது ஆறெழுத்துடா, நாலோட நிறுத்துனா எப்படி பலிக்கும்?" நான் சிரிச்சுட்டு நெட்ல ஒரு கைடு பாத்தேன், பாத்தா நிஜமாவே அந்த நாலெழுத்துக்கும் உள்ள ஒரு நம்பர் இருக்கு, எல்லாத்தையும் கூட்டி 16ஆல வகுத்து மிச்சம் என்ன வருதோ அத வச்சுதான் நம்ம ஆளோட பலம், வேகம், வளர்ச்சி எல்லாம் கணக்காம்! இத நான் வாய வச்சுட்டு சும்மா இருந்திருக்கணும், சொல்லிட்டேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, இங்கிலீஷ்ல இன்னொரு ஏ சேருடான்னு, சேத்திருந்தா இந்நேரம் மேனேஜர் ஆயிருப்ப"ன்னு ஆரம்பிச்சாங்க, இருபது நிமிஷம். பொண்டாட்டி கீழ பாத்து கீரை ஆயுற மாதிரி சிரிக்கிறா.

அடுத்து அந்த ரூம். அந்த கதவு. கடைசில என்னன்னா, ரூம்லயே இருக்குற பெட்டிய தொறந்து சாவி எடுத்து, மெனுவுல "கதவு"ன்னு இருக்குற வரிய அமுக்கணும். முட்டக் கூடாது. முப்பது வருஷம். படியில எறங்குறதுக்கும் மெனுவுல "படி"ன்னு தனியா அமுக்கணும், யார்கிட்டயாவது பேசணும்னா வடக்கா தெக்கா கிழக்கா மேக்கான்னு திசை வேற சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுக்கு தலைய திருப்பத் தெரியாது, எங்க போனாலும் நண்டு மாதிரி நம்மள பாத்துக்கிட்டேதான் நடப்பான். 1989ல அமெரிக்காவுக்கு அனுப்புனப்போ தலைய திருப்ப வச்சுட்டாங்களாம். எனக்கு இந்த நண்டுதான் புடிச்சிருக்கு.

ராஜாகிட்ட பேச வடக்கு அமுக்குனேன். அம்மா உஷாராயிட்டாங்க. "அப்ப அந்தாளு தெக்க பாத்தா உக்காந்துருக்கான்? ம்ம்." அவரு பேசுனத பொண்டாட்டி வாசிச்சா, இளவரசிய காணோமாம். அம்மா கீரைய பாத்துக்கிட்டே, "காணாமத்தான் போவா."

வெளிய வந்து முதல் சண்டை ஸ்லைம்கூட. "கொழுக்கட்டை மாதிரி இருக்கு, அத ஏன்டா போட்டு அடிக்கிற"ன்னு அதுக்கும் திட்டு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த கேசட்ல சேவ் கிடையாது. நிறுத்தணும்னா ராஜாகிட்ட போகணும், அவரு இருபது எழுத்துல ஒரு உயிர்ப்பு மந்திரம் சொல்வாரு, அஞ்சு ஏழு அஞ்சு மூணுன்னு பிரிச்சு, ஹைக்கூ மாதிரி ஆரம்பிச்சு ஒரு வால் மிஞ்சும். அத பேப்பர்ல எழுதி வச்சு மறுநாள் அப்படியே போடணும், ஒரு எழுத்து தப்புனாலும் "மந்திரம் தப்பு"ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிரும். அம்மாவுக்கு இதுல ஆச்சரியமே இல்ல. "மந்திரம்னா அப்படித்தான்."

மூணாவது வாரம், இளவரசிய கண்டுபுடிச்சு கைல தூக்கிட்டு வர்ற கட்டம். என்னையும் கூட்டிட்டு போறீங்களான்னு அவ கேட்டா, விளையாட்டுக்கு இல்லைன்னு அமுக்குனேன், "ஐயோ, இது அநியாயம்"ன்னு சொல்லிட்டு மறுபடியும் அதே கேள்வி, மறுபடி இல்ல, மறுபடி அநியாயம், ஆமான்னு சொல்ற வரைக்கும் விடமாட்டா. "உங்கப்பா பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்லயும் இப்படித்தான் கேட்டாங்க"ன்னாங்க அம்மா. சரின்னு தூக்கிட்டு போய் ஊருக்குள்ள ஒரு சத்திரத்துல தங்குனேன். விடிஞ்சதும் சத்திரக்காரன் ஒரு வரி சொன்னான். பொண்டாட்டி வாய் தொறந்தா, மூடிக்கிட்டா. "என்ன சொல்றான்மா?"ன்னு அம்மா. "ஒண்ணும் இல்ல அத்தை, காபி குடிச்சீங்களான்னு கேக்கிறான்." ராத்திரி கேட்டேன், "நேத்து ராத்திரி ஒரே ஜாலி போல"ன்னு கேட்டிருக்கான் படுபாவி. சின்ன பசங்க ஆடுன கேம்ங்க இது.

அன்னைக்கு மந்திரத்த எழுத பேப்பர் தேடுனேன், அம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்த தினசரி காலண்டர்தான் கைல ஆப்புட்டுச்சு, அன்னைய தேதில நல்ல நேரத்துக்கு கீழ எழுதிட்டு தூங்கிட்டேன். தினசரி காலண்டர் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மறுநாள் ஆபீஸ் முடிஞ்சு வந்து பாக்குறேன், தாள காணோம். மூணு வாரம் அவ்ளோதானான்னு குப்பைத்தொட்டிய கவுத்தேன், இந்த ஊர்ல எரியுற குப்பை, பிளாஸ்டிக்னு ரகம் ரகமா பிரிச்சு வச்சிருப்போம், எல்லாத்தையும் கலந்து வச்சதுக்கு தனியா திட்டு வாங்குனேன். அப்புறம் அம்மா நிதானமா, "அந்த தாளா? அதுல விபூதி மடிச்சு உன் பர்ஸ்லதான வச்சேன், உனக்கு ஆபீஸ்ல மீட்டிங்குன்னியே."

பிரிச்சேன். பத்தொம்பது எழுத்து இருக்கு, மடிப்புல ஒரு எழுத்து மட்டும் தேஞ்சுருச்சு. ஜப்பனீஸ்ல நே, ரே, வா மூணும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். நே போட்டேன், மந்திரம் தப்பு. ரே போட்டேன், மந்திரம் தப்பு. வா போட்டேன், ராஜா "வாப்பா சரவண"ன்னாரு. எங்கம்மா டிவிய பாத்து கும்புட்டாங்க.

கடைசி கட்டம், வில்லன் ட்ராகன் ராஜா. சண்டைக்கு முன்னாடி பேசுறான், பொண்டாட்டி வாசிக்கிறா: "என் பக்கம் வந்துரு, உலகத்துல பாதிய உனக்கு தர்றேன்." நான் இல்லைன்னு அமுக்கப் போறேன், அம்மா கைய புடிச்சுட்டாங்க. "நில்லுடா. பாதி தர்றேங்குறான்ல? கோர்ட்டு கேசுன்னு அலையாம பாதி வருதுன்னா கசக்குதா?" அம்மா இது ஏமாத்துன்னு நான் சொல்லி முடிக்கல, அவங்க கைதான் பட்டுச்சா இல்ல வேணும்னே அமுக்குனாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்ல விசாரணை நடக்குது.

ஆமா.

அவன் இருட்டு உலகத்த குடுத்தான், ஒரு மந்திரத்தையும் சொல்லி எழுதிக்கோன்னான், உன் பயணம் முடிஞ்சுது போய் ரெஸ்ட் எடுன்னு சிரிச்சான், அப்படியே நின்னுருச்சு, எந்த பட்டனும் வேலை செய்யல. அவன் குடுத்த மந்திரத்த போட்டுப் பாத்தோம், லெவல் ஒண்ணு, கைல பத்து பைசா இல்ல.

வீட்ல சத்தமே இல்ல. அம்மாதான் முதல்ல வாய தொறந்தாங்க. "கரண்ட் இல்லாத பாதிய தலைல கட்டிட்டான் பாத்தியா. உங்க பெரியப்பனும் இப்படித்தான், ரோட்டு பக்கத்த அவரு வச்சுக்கிட்டு கெணத்து பக்கத்த நமக்கு தள்ளிவிட்டாரு." கீரைத் தட்ட ஓரமா வச்சாங்க. "அந்த விபூதி தாள எடு. மறுபடி அவன்கிட்ட போவோம். இந்த தடவை நான் பேசுறேன்."